கோ 0238 கரும்பும் மூன்று துறைகளும்: ஆய்வு மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செவ்வழுகல் நோய் வந்த கரும்பு வெளியே அதிகம் காட்டிக்கொள்ளாது. மேலிருந்து மூன்றாவது, நான்காவது இலை மஞ்சளாகி ஓரம் காயத் தொடங்கும், அவ்வளவுதான். சந்தேகப்பட்டு ஒரு கழியை வெட்டி நெடுக்காகப் பிளந்தால்தான் விஷயம் தெரியும். வெளுத்திருக்க வேண்டிய சதை சிவந்திருக்கும். அந்தச் சிவப்பின் குறுக்கே இடையிடையே வெள்ளைத் திட்டுகள் இருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் புளித்த சாராய வாடை அடிக்கும். உத்தரப் பிரதேசத்தில் கோ 0238 என்ற ரகத்தை நம்பிப் பயிரிட்ட ஏராளமான விவசாயிகள் கடந்த சில ஆண்டுகளில் இப்படிப் பிளந்து பார்த்து நொந்து போயிருக்கிறார்கள்.

வணிக உத்தி, வட்டாரப் புத்தாக்கம் (ஒரு பகுதியில் புதுமைகள் எப்படி உருவாகின்றன என்ற ஆய்வு), தாவர மரபியல் என்ற மூன்று துறைகளுக்கும் பொதுவான ஆய்வுத் தவறுகளைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தபோது எனக்கு இந்தக் கரும்புதான் நினைவுக்கு வந்தது. மூன்று துறைகளும் தனித்தனிக் கட்டடங்களில் இருக்கின்றன. ஒரு துறையின் ஆய்வேட்டை அடுத்த துறைக்காரர் வாசிப்பதே இல்லை. ஆனால் வயலில் மூன்றும் ஒரே வரப்புக்குள் கிடக்கின்றன. அதனால்தான் ஒரு துறை மாணவர் தேடும் காரணம் பல நேரங்களில் பக்கத்துத் துறையின் அலமாரியில் இருக்கிறது.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912-இல் தொடங்கப்பட்டது. அதன் வட்டார மையம் ஒன்று ஹரியாணாவின் கர்னாலில் இருக்கிறது. அங்கே பக்ஷி ராம் தலைமையில் தேர்ந்தெடுக்கப்பட்ட கோ 0238, 2009-இல் வெளியிடப்பட்டது. முன்கூட்டியே முதிரும் கரும்பு, விளைச்சலும் அதிகம், சர்க்கரையும் அதிகம். பொதுவாக இந்த இரண்டும் ஒரே ரகத்தில் சேர்ந்து அமைவது அரிது. சில ஆண்டுகளில் உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பில் 80 சதவீதத்துக்கும் மேல் இந்த ஒரே ரகம் நின்றது. மாநிலத்தின் சராசரி சர்க்கரைக் கட்டுமானம், அதாவது பிழிந்த கரும்பின் எடையில் சர்க்கரையாகக் கிடைக்கும் பங்கு, சுமார் 9 சதவீதத்திலிருந்து 11 சதவீதத்துக்கு மேல் ஏறியது. பிறகு செவ்வழுகல் வந்தது.

ஏற்றத்தின் பெருமை யாருக்கு?

இந்தக் காலத்துச் சர்க்கரை ஆலைகளை ஒரு மேலாண்மை மாணவர் ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஆலைகளின் ஆண்டறிக்கைகள் இருக்கின்றன. கட்டுமானம் ஏறுகிறது, லாபம் ஏறுகிறது. அதே ஆண்டுகளில் ஆலை புதிய இயந்திரம் வாங்கியிருக்கிறது, நிர்வாக இயக்குநர் மாறியிருக்கிறார், விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியில் வெட்டு உத்தரவு போகிறது. மாணவர் இவற்றை ஒரு புள்ளியியல் மாதிரிக்குள் போட்டு, உத்திதான் காரணம் என்று எழுதிவிடுவார். தரவில் பொய் எதுவும் இல்லை. ஆனால் வயலில் ரகம் மாறியது என்ற ஒரே ஒரு நிரல் அந்த அட்டவணையில் இல்லை. இல்லாத நிரலின் விளைவு, இருக்கும் நிரல்களின் கணக்கில் ஏறிவிடும். புள்ளியியலில் இதற்கு விடுபட்ட மாறியின் பிழை என்று பெயர். எல்லா மாணவர்களும் அந்தப் பெயரைப் படித்திருக்கிறார்கள். விடுபட்டது எது என்று சொல்லக்கூடியவர் மட்டும் அவர்கள் வகுப்பில் இருப்பதில்லை.

மரபியல் மாணவர் இதைப் படித்துவிட்டு, எல்லாம் ரகத்தால் வந்தது என்று சொன்னால் அதுவும் தவறு. உத்தரப் பிரதேசத்தில் ஒவ்வோர் ஆலைக்கும் தனிக் கரும்புப் பகுதி ஒதுக்கப்படுகிறது. விதைக்கரணையை (நடுவதற்கான தண்டுத் துண்டை) பெருக்கிக் கொடுப்பதில் ஆலைகளின் கரும்பு அலுவலர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நன்றாக நிர்வகிக்கப்படும் ஆலையின் பகுதிக்குத்தான் புதிய ரகம் முதலில் போய்ச் சேரும். முன்கூட்டியே முதிரும் ரகங்களுக்கு மாநில அரசு சற்றுக் கூடுதல் விலை கொடுப்பதும் விவசாயியை இழுத்தது. ஆக, ரகம் பரவியதே ஓரளவு உத்தியின் விளைவுதான். இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால், ஆலைவாரியாக, ஆண்டுவாரியாக, எந்த ரகம் எத்தனை ஏக்கரில் நின்றது என்ற கணக்கு வேண்டும். அது ஆண்டறிக்கையில் கிடைக்காது, கரும்புத் துறை அலுவலகங்களின் கணக்கெடுப்பில்தான் கிடைக்கும். அலைய வேண்டியிருக்கும். அலையாமல் எழுதும் ஆய்வை நான் நம்புவதில்லை.

எண்ணிக்கை ஏமாற்றும் இடம்

கரும்பை விதை போட்டு வளர்ப்பதில்லை, கரணை வெட்டி நடுகிறோம். எனவே கோ 0238 நின்ற ஒவ்வொரு வயலிலும் நின்றது மரபளவில் ஒரே செடி. ஆயிரம் வயல்களில் தரவு எடுத்திருக்கிறேன் என்று ஒரு மாணவர் பெருமையாகச் சொல்லலாம். மரபு வகை என்ற கணக்கில் அவரிடம் இருப்பது ஒன்றுதான். ஆயிரம் வயல்களை வைத்து மண்ணையும் நீரையும் ஒப்பிடலாம், ரகங்களின் பொதுவான தன்மையைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது.

இதே தவறு வட்டாரப் புத்தாக்க ஆய்வில் இன்னும் பரவலாக இருக்கிறது, அங்கே கண்ணுக்கும் படுவதில்லை. திருப்பூரில் 200 பின்னலாடை நிறுவனங்களிடம் வினாப்பட்டியல் கொடுத்து, கூட்டுறவு மனப்பான்மைதான் ஏற்றுமதியை வளர்க்கிறது என்று முடிவு எழுதினால், அந்த 200 என்ற எண்ணுக்கு என்ன மதிப்பு? எல்லாருக்கும் ஒரே நூல் விலை, ஒரே சாயக்கழிவுத் தீர்ப்பு, ஒரே மின்வெட்டு. நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றிப் பேச 200 போதும். வட்டாரம் என்ற ஒன்றைப் பற்றிப் பேச அவரிடம் இருப்பது ஒரே ஊர்.

வயல் சோதனையில் புதிய ரகத்தைத் தனியாக நட்டு மெச்சிக்கொள்ள யாரும் விடமாட்டார்கள். பக்கத்துப் பாத்தியில் ஒப்பீட்டு ரகம் நின்றாக வேண்டும். அதே வரிசையைப் பல முறை, இடம் மாற்றி நட வேண்டும். வட்டார ஆய்விலும் இதைச் செய்தவர்கள் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் அன்னாலீ சாக்ஸேனியன் 1994-இல் சிலிக்கான் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதியபோது, அதை மட்டும் எழுதவில்லை. பாஸ்டனைச் சுற்றிய ரூட் 128 பகுதியைப் பக்கத்தில் வைத்தார். ஒரே தொழில், ஏறக்குறைய ஒரே காலம், ஒன்று மேலே போனது, மற்றொன்று தடுமாறியது. இரண்டே இரண்டு இடங்கள்தான் என்பது அந்த ஒப்பீட்டின் குறை. ஆனால் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே இருக்கும் தூரம் மிகப் பெரியது. வென்ற வட்டாரத்தை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து வெற்றிக்கு ஐந்து காரணங்கள் எழுதுகிறவர்கள், அதே ஐந்தும் இருந்தும் தோற்ற ஊரைத் தேடிப் போவதே இல்லை.

மரபியலாருக்கும் இங்கே ஒரு பள்ளம் உண்டு. ஜப்பானிகா வகை நெல் குளிர்ந்த பகுதிகளிலும், இண்டிகா வகை வெப்பப் பகுதிகளிலும் பெருமளவு பயிராகின்றன. இரண்டையும் ஒரே கூடையில் போட்டுக் குளிர் தாங்கும் மரபணுவைத் தேடினால், இரண்டு வகைகளுக்கும் இடையே வேறுபடும் எந்த மரபணுவும், நிறத்துக்கானதுகூட, குளிர் தாங்கும் மரபணுவாக வேடம் போடும். மாதிரிக்குள் இருக்கும் இத்தகைய வகைப் பிரிவுகளை, அதாவது கூட்ட அமைப்பைக் கணக்கில் கொண்டு திருத்தாமல் வெளியிடப்படும், மரபணுவையும் பண்பையும் இணைக்கும் தொடர்பு ஆய்வு எதையும் சந்தேகத்தோடுதான் வாசிக்க வேண்டும். சிறிய கூட்டத்தில் கண்டுபிடிக்கப்படும் மரபணு விளைவுகளும் அப்படித்தான். தாவர மரபியலாளர் வில்லியம் பீவிஸ் 1994-இல் கணினியில் செய்து காட்டினார்: 100 சந்ததிகளை வைத்துத் தேடினால், கிடைக்கும் விளைவின் அளவு உண்மையைவிடப் பெரிதும் ஊதிப்போயிருக்கும், 1000 வைத்தால் உண்மைக்கு நெருங்கும். சிறிய மாதிரியில் பெரிய விளைவு கிடைத்தால் மகிழ வேண்டாம், மறுபடி நட்டுப் பாருங்கள்.

புத்தாக்கத்துக்கு எந்த ஊர் முகவரி?

காப்புரிமைகளை எண்ணி ஒரு வட்டாரத்தின் புத்தாக்கத்தை அளப்பது இன்று பழக்கமாகிவிட்டது. தரவு எளிதில் கிடைக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் குறைவு. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(j) பிரிவின்படி தாவரங்களுக்கும் விதைகளுக்கும் ரகங்களுக்கும் காப்புரிமை கிடையாது. ரகங்களுக்கு 2001-ஆம் ஆண்டின் தாவர ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தில் தனிப் பதிவேடு இருக்கிறது. காப்புரிமை எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு, வடஇந்தியச் சர்க்கரைத் தொழிலையே புரட்டிப்போட்ட ஒரு கண்டுபிடிப்பு பூஜ்ஜியமாகத் தெரியும்.

சரி, பதிவேட்டைப் பார்த்து எண்ணுகிறோம் என்றாலும் எந்த மாவட்டத்தின் பெயரில் எழுதுவது? கோயம்புத்தூரில் கரும்பு நன்றாகப் பூக்கும். வட இந்தியாவில் அந்த அளவுக்குப் பூத்து விதை பிடிப்பதில்லை. 1912-இல் நிறுவனத்துக்கு இந்த ஊரைத் தேர்ந்ததற்கும் அதுவே முக்கியக் காரணம். நிறுவனத்தின் தொடக்கக்கால விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் தடித்த வெள்ளைக் கரும்பைக் காட்டுக் கரும்போடு கலந்து உருவாக்கிய கோ 205, 1918-இல் போய்ச் சேர்ந்தது பஞ்சாபுக்கு. இன்றும் கலப்பு கோவையில் நடப்பதும், அந்தப் பஞ்சு போன்ற விதை வடக்கே போய் நாற்றாகித் தேர்வாவதும் வழக்கமாக இருக்கிறது. பூ கோவையில், தேர்வு கர்னாலில், பயன் உத்தரப் பிரதேசத்தில். இதை ஒரு மாவட்டத்தின் புத்தாக்க மதிப்பெண்ணாக அடைப்பது தரவுக்குச் செய்யும் அநியாயம். ஒரு கண்டுபிடிப்பு எங்கே பிறந்தது, எங்கே வளர்ந்தது, எங்கே பயன்பட்டது என்று மூன்று நிரல்கள் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

நல்ல ரகம் எங்கும் நல்ல ரகம் என்ற எண்ணத்தையும் இங்கேயே விட்டுவிடலாம். அதே நிறுவனத்தின் கோ 86032தான் தமிழ்நாட்டு விவசாயி நன்கு அறிந்த ரகம். கோ 0238 வடமேற்கு மண்டலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஓரிடத்தில் ஓராண்டு செய்த சோதனையை வைத்துப் பரிந்துரை எழுதக் கூடாது.

அளவுகோல் மாறும் ஆண்டு

2016-17-இல் மகாராஷ்டிரத்தைப் பின்னுக்குத் தள்ளிச் சர்க்கரை உற்பத்தியில் உத்தரப் பிரதேசம் முதலிடம் பிடித்தது. அந்த ஆண்டை எடுத்துக்கொண்டு உத்தரப் பிரதேச மாதிரி என்று எழுதுவது எளிது. ஆனால் அந்த ஆண்டில் வறட்சியால் மகாராஷ்டிரத்தின் உற்பத்தி ஏறக்குறைய பாதியாகச் சரிந்திருந்தது. 2021-22-இல் மகாராஷ்டிரம் மறுபடி முதலிடத்துக்கு வந்துவிட்டது. எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் முடிக்கிறோம் என்பதிலேயே பாதி முடிவு ஒளிந்திருக்கிறது.

இதைவிட நுட்பமான பொறி ஒன்று. 2018-க்குப் பிறகு கரும்புச் சாற்றிலிருந்தும் சர்க்கரை மிச்சமுள்ள பி வகை மொலாசஸிலிருந்தும் (ஆலைக் கழிவுப்பாகு) எத்தனால் எடுக்க அரசு தனி விலை அறிவித்தது. ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பின. எத்தனாலுக்குப் போகும் சர்க்கரை மூட்டைக்கு வராது, அதனால் அறிக்கையில் கட்டுமானம் குறையும். கரும்பு கெட்டுப்போகாமலே எண் கீழே இறங்கும். அந்த இறக்கம் முழுவதையும் செவ்வழுகலின் கணக்கில் எழுதினால் மரபியலாரின் ஆய்வு தப்பாகும். ஆலையின் திறமைக் குறைவு என்று எழுதினால் மேலாண்மை ஆய்வு தப்பாகும். ஒரு அளவை நீண்ட காலத்துக்குப் பயன்படுத்துகிறவர், அந்த அளவின் பொருள் எந்த ஆண்டில் மாறியது என்று ஆலை வேதியியலர் ஒருவரையாவது கேட்டுவிட வேண்டும்.

மனிதர் கையும் சேர்ந்துதான் விளைச்சல்

கரும்பை விட்டு ஒரு நிமிடம் நெல்லுக்கு வருகிறேன், ஏனென்றால் இதைச் சரியாகச் செய்த ஆய்வு அங்கேதான் இருக்கிறது. ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ என்ற பழைய நெல்லிலிருந்து வெள்ளத்தில் மூழ்கினாலும் இரண்டு வாரம் போலத் தாங்கும் சப்1 மரபணு கண்டறியப்பட்டு, பரவலாகப் பயிரான ஸ்வர்ணா ரகத்துக்குள் கொண்டுவரப்பட்டது. ஸ்வர்ணா சப்1 இந்தியாவில் 2009-இல் வெளியானது. மரபியல் கோணத்தில் கேள்வி எளிது: மூழ்கிய வயலில் எவ்வளவு கூடுதல் நெல்? ஒடிசாவில் பொருளியலாரும் நெல் விஞ்ஞானிகளும் சேர்ந்து, சில கிராமங்களுக்குக் குலுக்கல் முறையில் விதை கொடுத்து, மற்றவற்றை ஒப்பீட்டுக்கு வைத்துப் பார்த்தார்கள். வெள்ளத்தில் எல்லாம் போய்விடாது என்ற தைரியம் வந்ததும், விவசாயிகள் அதிகப் பரப்பில் நட்டார்கள், உரம் கூடுதலாகப் போட்டார்கள், கடன் வாங்கினார்கள், விதைப்பை விட்டு நாற்று நடவுக்கு மாறினார்கள். பயனில் கணிசமான பங்கு இந்த மாற்றத்திலிருந்து வந்தது. தாழ்வான நிலங்கள் பட்டியல் சாதி விவசாயிகளிடம் அதிகம் இருந்ததால், பயனும் அவர்களுக்குக் கூடுதலாகச் சேர்ந்தது. சோதனைத் திடலில் பாத்தி போட்டு மட்டும் அளந்திருந்தால் இந்த இரண்டில் எதுவும் தெரிந்திருக்காது.

இப்போது உத்தரப் பிரதேசத்தில் கோ 0118, கோ 15023, கோலக் 14201 என்று மாற்று ரகங்கள் வயலுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. எந்த ரகம் எந்த ஆலைப் பகுதியில் வெல்லும் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. ஆய்வு மாணவர் ஒருவர் தரவு சேகரிக்கத் தொடங்குவதற்கு இதுவே சரியான நேரம். எந்த ஆலைகளை எடுப்பது, எந்த அளவைப் பார்ப்பது, எந்த ஆண்டில் முடிப்பது என்பதை இன்றே ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு நெறியாளரிடம் கொடுத்துவிடலாம். அந்தத் தாளின் நகல் ஒன்று கர்னாலில் இருக்கும் ஒரு மரபியலாரிடமும், இன்னொன்று ஓர் ஆலையின் கரும்பு அலுவலரிடமும் போகட்டும். இந்த அட்டவணையில் என்ன நிரல் விட்டுப்போயிருக்கிறது என்று அவர்களிடம் கேளுங்கள்.