மாஸ்டர்ஸ் படிக்கலாமா? முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள்

ஐந்தாண்டு கழித்து எந்த நாற்காலியில் உட்கார நினைக்கிறீர்களோ, அந்த வேலையின் பெயரைச் சிங்கப்பூர் அரசின் வேலைவாய்ப்புத் தளமான மைகேரியர்ஸ்ஃபியூச்சரில் தேடி 20 விளம்பரங்களை எடுத்துவையுங்கள். ஒவ்வொன்றிலும் மாஸ்டர்ஸ் ‘கட்டாயம்’ என்றிருக்கிறதா, ‘இருந்தால் நல்லது’ என்றிருக்கிறதா என்று குறியுங்கள். மருத்துவ உளவியலாளராக வேண்டுமென்றால் அது கட்டாயம்; யோசிக்க ஒன்றுமில்லை. பள்ளி ஆசிரியராக மாஸ்டர்ஸ் வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. பட்டதாரிகளுக்கு அங்கே தேவைப்படுவது தேசியக் கல்விக் கழகத்தின் பட்டமேற்படிப்பு டிப்ளோமாதான். 20இல் இரண்டு மூன்றுதான் ‘கட்டாயம்’ என்றால், அந்தத் துறை அனுபவத்துக்குத்தான் சம்பளம் கொடுக்கிறது.

அடுத்து பணம். கட்டணம் 45,000 வெள்ளி, சம்பள உயர்வு மாதம் 400 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மத்திய சேம நிதிக்கு 20% போனால் கைக்கு வருவது 320. போட்ட பணம் திரும்ப 140 மாதத்துக்கு மேல், அதாவது ஏறக்குறைய 12 ஆண்டு ஆகும். வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படித்தால், இழந்த சம்பளத்தையும் கட்டணத்தோடு கூட்டுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். பழைய நினைப்பில் வரிக்கழிவை நம்பவேண்டாம்: ஆண்டுக்கு 5,500 வெள்ளி வரை கிடைத்த படிப்புக் கட்டணக் கழிவு 2026 வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இல்லாமல் போய்விட்டது. கல்வி அமைச்சின் மானியம் உள்ள மாஸ்டர்ஸை ஒருமுறை எடுத்தால், அதே நிலையில் இன்னொரு படிப்புக்கு அது கிடைக்காது. அரைமனத்தோடு சேர்ந்து அந்த வாய்ப்பைக் கரைத்துவிடாதீர்கள்.

நேரக் கணக்குதான் ஆளைக் கவிழ்ப்பது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஒரு யூனிட் என்றால் வாரம் இரண்டரை மணி நேர உழைப்பு. 4 யூனிட் பாடம் ஒன்றுக்கு 10 மணி. இரண்டு எடுத்தால் 20. பருவத்துக்கு 13 வாரப் பாடம். 40 யூனிட் படிப்பை இப்படி இரண்டிரண்டாக எடுத்தால் ஐந்து பருவம், இரண்டரை ஆண்டு. மாலை வகுப்பு முடிந்து ரயிலேறி வீடு சேரும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். ஆகஸ்டில் தொடங்கும் பருவத்தில் குழுப் பணியும் கட்டுரையும் குவிவது அக்டோபர் கடைசி, நவம்பரில், தீபாவளியும் அப்போதுதான். தேசிய சேவை முடித்த போர்க்காலப் படைவீரர்கள் முகாம் பயிற்சித் தேதியையும் பார்க்கவேண்டும், ஆண்டுக்கு 40 நாள் வரை அழைப்பு வரலாம்.

ஆகவே நேரே சேராமல், பின்னர் பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாடம் ஒன்றை மட்டும் முதலில் எடுத்துப் பாருங்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஃபிளெக்ஸிமாஸ்டர்ஸ், தேசியப் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்புச் சான்றிதழ்கள் இந்த வகை. நான்காவது வாரத்திலேயே பாடக் காணொளிகள் பார்க்காமல் தேங்கினால், இந்த ஆண்டு வேண்டாம்.

எப்போது? எம்பிஏ என்றால் குறைந்தது இரண்டாண்டு அனுபவம் கேட்பது வழக்கம். மற்றவற்றிலும் வேலை பார்த்தவருக்கு எதைப் படிப்பதென்று தெரிந்திருக்கும். முதலாளி கட்டணம் கட்டுவதாகச் சொன்னால் ஒப்பந்தத்தைப் படியுங்கள்: ஒப்பந்தக் காலத்தின் பாதியில் வேலையை விட்டால் திருப்பிக் கட்டவேண்டியது முழுத்தொகையா, மீதமுள்ள மாதங்களுக்கு மட்டுமா? வாய்மொழி போதாது.

வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மெண்ட் பாஸில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. அந்த அனுமதிக்கான காம்பஸ் புள்ளிமுறையில் தேர்ச்சிக்கு 40 புள்ளி வேண்டும். சாதாரணப் பட்டத்துக்கு 10, முன்னணிப் பல்கலைக்கழகத்துக்கு 20. இங்குள்ள தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களும் அந்தப் பட்டியலில் வரும். அந்தப் பத்துப் புள்ளி சிலருக்குத் தங்குவதா திரும்புவதா என்பதையே தீர்மானிக்கும்.

ஆகஸ்டில் சேர விண்ணப்பம் பெரும்பாலும் முந்தைய ஆண்டு கடைசியில் திறக்கும். ஆங்கிலத் தேர்வான ஐஈஎல்டிஎஸ் மதிப்பெண் 2 ஆண்டு, பட்டமேற்படிப்பு நுழைவுத் தேர்வான ஜிஆர்ஈ 5 ஆண்டு செல்லும். தேவையா என்று பார்த்த பிறகே எழுதுங்கள். தமிழ்நாட்டில் பட்டம் பெற்றவர்கள் டிரான்ஸ்கிரிப்டை (பாடவாரி மதிப்பெண் பட்டியலை) முன்கூட்டியே கேளுங்கள், வாரக்கணக்கில் இழுக்கும். பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பதவிக்காரரைவிட உங்கள் வேலையை நேரில் பார்த்த மேலாளரே மேல். டிசம்பரில் எல்லாரும் விடுப்பில் போய்விடுவார்கள், நவம்பரிலேயே சொல்லிவையுங்கள்.