சப்வூஃபர் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேஸ் எனப்படும் அடித்தொனி ஒலியை மட்டும் தரும் தனி ஸ்பீக்கரான சப்வூஃபரை வாங்கியதும் பலர் அதை அறையில் எங்கே இடம் காலியாக இருக்கிறதோ அங்கே வைத்துவிடுகிறார்கள். மற்ற எல்லாத் தவறுகளையும்விட இதுதான் பெரியது. பேஸ் ஒலியில் பாதி வேலையைச் செய்வது அறைதான். 5 மீட்டர் நீளமுள்ள அறையில் 34 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தேங்கி நிற்கும். அந்த ஸ்வரம் சுவர் ஓரத்தில் கும்மென்று வீங்கும், அறையின் நட்டநடுவில் கிட்டத்தட்டக் காணாமல் போகும். மூலையில் வைத்தால் சத்தம் கூடும்தான், ஆனால் இந்த வீக்கமும் சேர்ந்தே கூடும்.

இடம் தேட ஒரு பழைய வழி இருக்கிறது. நீங்கள் உட்காரும் இடத்திலேயே சப்வூஃபரை வைத்து, பேஸ் கிட்டார் ஏறி இறங்கும் ஒரு பாட்டைப் போடுங்கள். பிறகு சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எல்லா ஸ்வரமும் ஒரே அளவில் கேட்கும் இடம்தான் சப்வூஃபருக்கான இடம். பார்க்க விநோதமாக இருந்தாலும் இதை நான் முழுமனதாகச் சிபாரிசு செய்வேன்.

அடுத்து கிராஸ்ஓவர், அதாவது எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் எல்லை. 80 ஹெர்ட்ஸில் தொடங்குவது நல்லது. ரொம்ப ஏற்றினால் ஆண் குரலின் அடிப்பகுதி சப்வூஃபர் இருக்கும் மூலையிலிருந்து வருவது தெரிந்துவிடும். ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர் ஏற்கெனவே ஒலியைப் பிரித்து அனுப்புகிறது என்றால் சப்வூஃபரில் உள்ள கிராஸ்ஓவர் திருகை உச்சத்தில் வையுங்கள். இல்லையென்றால் இரண்டு முறை வடிகட்டப்பட்டு நடுவில் ஒரு பள்ளம் விழும்.

சப்வூஃபரின் அசைவைத் திருப்பிவிடும் ஃபேஸ் சுவிட்சைப் பலர் தொடுவதே இல்லை. ஸ்பீக்கரும் சப்வூஃபரும் எதிரெதிராக அசைந்தால், இரண்டும் சேரும் இடத்தில் ஒன்றையொன்று அழித்துவிடும். 80 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, வேறொருவரை சுவிட்சை 0, 180 டிகிரி என்று மாற்றச் சொல்லுங்கள். உங்கள் இருக்கையில் எது சத்தமாகக் கேட்கிறதோ அதுவே சரி.

சப்வூஃபரின் சத்த அளவை எல்லோரும் முதலில் கூட்டிவிடுவார்கள், மெல்லக் குறையுங்கள்.

கடைசியாக ஈக்வலைசர், அதாவது ஒவ்வொரு அதிர்வெண்ணின் அளவையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி. வீங்கிய ஸ்வரத்தை அதில் தாராளமாகக் குறைக்கலாம். காணாமல் போன ஸ்வரத்தை மட்டும் ஏற்றாதீர்கள். 6 டெசிபல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபையருக்கு 4 மடங்கு வேலை. ஏற்றிய அளவுக்கு எதிரொலியும் வளர்ந்து அதை மறுபடி அழிக்கும். அந்தப் பள்ளத்துக்கு மருந்து, நாற்காலியையோ சப்வூஃபரையோ அரை மீட்டர் நகர்த்திப் பார்ப்பதுதான்.