பச்சை ஃபுட் கலரை மின்சாரத்தால் பிரிப்பது எப்படி?

கடையில் கிடைக்கும் பச்சை ஃபுட் கலர் பெரும்பாலும் ஒற்றைச் சாயம் இல்லை. லேபிளில் டார்ட்ரசின் (மஞ்சள்), பிரில்லியன்ட் புளூ (நீலம்) என்று இரண்டு பெயர் இருந்தால் அதுதான் நமக்கு வேண்டியது. இரண்டுமே தண்ணீரில் கரைந்ததும் எதிர் (மைனஸ்) மின்னூட்டத்தோடு இருக்கும், அதனால் இரண்டும் பிளஸ் பக்கம்தான் ஓடும், ஆனால் ஒரே வேகத்தில் ஓடாது.

அரை லிட்டர் தண்ணீரில் 1 கிராம் சமையல் சோடா கரையுங்கள். சோடாவுக்குப் பதிலாக உப்பு போடவே கூடாது. மின்னோட்டம் எகிறி, நாம் செய்யப்போகும் அகர் ஜெல் சூடாகும், பிளஸ் முனையில் குளோரின் வாயுவும் வரும். இந்தச் சோடா தண்ணீரில் 100 மில்லி எடுத்து, 1 கிராம் அகர் அகர் போட்டுத் தெளியும் வரை காய்ச்சி, சதுர பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றுங்கள். உறைவதற்குள், சாயம் விடுவதற்கான குழிகள் உண்டாக, பிளாஸ்டிக்கில் வெட்டிய சீப்பை மைனஸ் முனை வரப்போகும் ஓரத்தில் நிறுத்திவிடுங்கள். பற்கள் அடியைத் தொட்டால் குழி ஓட்டையாகிச் சாயமெல்லாம் கீழே ஒழுகிவிடும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும்.

உறைந்ததும் சீப்பை எடுத்துவிட்டு, இரு ஓரத்திலும் ஜெல்லை ஒரு பட்டை வெட்டி நீக்கி அங்கே பென்சிலைப் பிளந்து எடுத்த கிராஃபைட் குச்சிகளை வையுங்கள். ஜெல் முங்கும் அளவுக்கு மீதிச் சோடா தண்ணீர் ஊற்றுங்கள். சாயத்தில் கொஞ்சம் சர்க்கரை கலந்தால்தான் கனம் கூடிக் குழிக்குள் இறங்கி உட்காரும்.

அப்புறம் மின்சாரம். பிளக் பாயின்ட் பக்கமே போகாதீர்கள். 9 வோல்ட் பேட்டரி ஐந்தை வரிசையாக இணைத்தால் 45 வோல்ட். முனைகளுக்கு இடையே 15 செ.மீ. என்றால் ஒரு செ.மீ.க்கு 3 வோல்ட், இதற்கு அது போதும். எல்லாம் தயாரான பிறகு கடைசியாக இணையுங்கள், ஓடும்போது தண்ணீரில் கை வைக்காதீர்கள். மைனஸ் குச்சியில் பொடிப்பொடியாகக் குமிழ் வந்தால் (அது ஹைட்ரஜன், ஜன்னல் திறந்திருக்கட்டும்) மின்சாரம் பாய்கிறது என்று அர்த்தம்.

மெல்லப் பச்சைக் கோடு கிழிந்து, மஞ்சள் முன்னே போகும். அதன் மூலக்கூறு சிறியது, மின்னூட்டமோ மூன்று. நீலத்துக்கு நிகர மின்னூட்டம் இரண்டுதான், உருவமும் பெரிது, அதனால் நகரும்போது அதற்குத் தடை அதிகம்.

பிரிந்ததும் பேட்டரியை மாற்றி இணைத்துப் பாருங்கள், இரண்டும் வந்த வழியே திரும்பும். ஆனால் கோடுகள் பழைய கூர்மைக்கு வராது, ஏனென்றால் மின்புலம் எந்தப் பக்கம் இழுத்தாலும் சாயம் நாலாபக்கமும் பரவிக்கொண்டேதான் இருக்கும். போட்டோ எடுப்பதானால் இணைப்பைத் துண்டித்த உடனே எடுத்துவிடுங்கள்.