டயர் துண்டு நிரப்பு: ரோலரை நம்பிக் காசை விடாதீர்கள்

போன மாதம் சூளகிரி பக்கம் ஒரு சைட்டுக்குப் போயிருந்தேன். தடுப்புச் சுவருக்குப் பின்னால் மண்ணுக்குப் பதிலாக, வெட்டிய பழைய டயர் துண்டுகளைப் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தார்கள். யோசனை நல்லதுதான். டயர் துண்டு இறுகிய பிறகும் கன மீட்டருக்கு 650 முதல் 800 கிலோதான் வரும், மண்ணோ 1,800 கிலோவைத் தாண்டும், அதனால் சுவரைத் தள்ளும் விசை வெகுவாகக் குறைகிறது, மழைத் தண்ணீரும் தேங்காமல் இறங்கிப் போய்விடுகிறது. ஆனால் அங்கிருந்த இளம் எஞ்சினியர், "மேல் லெவல் வந்திருச்சுங்க சார், நாளைக்கு ஜியோ துணி (மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் செயற்கை விரிப்பு), அப்புறம் மண்ணு, வர்ற வாரம் பேவர் பிளாக்" என்று சொன்னதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பத்து வருடத்துக்கு முன் காவேரிப்பட்டணம் பக்கம் நானும் இதையேதான் சொன்னேன்.

கையுறை போட வேண்டும், வெட்டாத டயரை மழையில் போட்டு வைத்தால் கொசு பெருகும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை. தெரிந்தவர்களே சறுக்குகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ரோலர் ஓடியதும் இறுகிவிட்டது என்று நினைப்பது

காவேரிப்பட்டணத்து வேலை ஒரு குடோன் முற்றம். சரிவான இடம், ஓரத்தில் பழைய கருங்கல் சுவர், அது முழு மண்ணைத் தாங்காது என்பதால் 2 மீட்டருக்கு டயர் துண்டு, அதன்மேல் 1 மீட்டர் மண், மேலே பேவர் பிளாக் என்று முடிவானது. கிராவலுக்குச் செய்கிற மாதிரியே 30 செ.மீ. அடுக்கு அடுக்காகப் பரப்பி, 10 டன் அதிர்வு ரோலரை ஓட்டி, வரைபடத்தில் இருந்த லெவலுக்கு மிகச் சரியாக, ஒரு செ.மீ. கூடக் கூடாமல் குறையாமல் கொண்டுவந்து நிறுத்தினேன். அந்தச் 'சரி'தான் தவறு.

ரோலர் ஓடும்போது ஓரமாகக் குந்தி உட்கார்ந்து டிரம்மை மட்டும் பாருங்கள். டிரம்முக்குக் கீழே டயர் துண்டு அமுங்கும், அது ஒரு முழம் நகர்ந்ததும் பின்னால் மெதுவாக எழுந்து நிற்கும். ரப்பர் அப்படித்தான். ஆறு முறை ஓட்டினால் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று படிந்து அடுக்காகும், அதற்கு மேல் அறுபது முறை ஓட்டினாலும் டீசல்தான் செலவு. சிலர் இதிலும் 95 சதவீதம் பிராக்டர் அடர்த்தி (ஆய்வகத்தில் மண்ணை இடித்துக் காணும் உச்ச அடர்த்தியில் 95 சதவீதம்) வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள், குழி தோண்டி மணல் ஊற்றி அடர்த்தியைப் பார்க்கும் சோதனையைக் கையளவு ஓட்டைகள் உள்ள இந்த நிரப்பில் எப்படிச் செய்வார்கள்? மீதி இறுக்கம் மேலே ஏறுகிற எடையால் மட்டும்தான் வரும்.

எனக்கு வந்தது எப்படி என்றால், மேல்மண் போடப்போட லெவல் கீழே போனது, நானும் மண்ணைக் கொட்டிக் கொட்டிச் சமன் செய்தேன். மொத்தம் 18 செ.மீ. கூடுதல் மண். எடையைக் குறைக்கத்தானே டயரே போட்டோம்! குடோன்காரருக்கு மாங்காய் சீசனுக்குள் முற்றம் வேண்டும் என்பதால் மூன்றாவது வாரமே பேவர் பிளாக் பதித்துவிட்டேன். லோடு லாரிகள் வந்து போக ஆரம்பித்து இரண்டு மாதத்தில் இன்னொரு 9 செ.மீ. இறங்கியது. டயர் நிரப்பும் பழைய கெட்டித் தரையும் சேருகிற கோட்டில் பிளாக்குகள் வரிசையாக உடைந்தன, அந்தக் கோட்டைக் கடந்து போன மழைநீர்க் குழாயின் இணைப்பும் பிரிந்து, தண்ணீர் உள்ளே போய் மண்ணை அரித்தது. இரண்டு முறை பிரித்துப் பதித்தேன், இரண்டும் என் கைக்காசு. இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதற்குச் செலவே இல்லாத மருந்து இருந்தது.

வாங்குகிற துண்டுக்கு, எந்த எடையில் எவ்வளவு அமுங்கும் என்ற சோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள். அமுங்கப்போகிற அளவைக் கணக்கிட்டு, டயர் அடுக்கை அந்த அளவுக்கு உயர்த்தியே முடியுங்கள். துணியும் மண்ணும் போட்ட பிறகு அதன்மேல் தற்காலிகமாக இன்னும் கொஞ்சம் மண்ணைக் குவித்து வைத்துக் காத்திருங்கள். பெரும்பாலான இறக்கம் முதல் இரண்டு மாதத்திலேயே முடிந்துவிடும். ஒரு இரும்புத் தட்டில் குழாயை நிறுத்தி வெல்டிங் செய்து, டயர் அடுக்கின் தலையில் புதைத்து, குழாய் மண்ணுக்கு மேலே தெரியும்படி வைத்து, வாரம் ஒருமுறை டம்பி லெவலில் (உயரம் பார்க்கும் தொலைநோக்கிக் கருவி) அளந்து எழுதுங்கள். அளவு நின்ற பிறகுதான் குவித்த மண்ணை எடுத்துவிட்டுப் பேவர் பிளாக். அவசரப்படுகிற முதலாளிக்கு இதை ஒப்பந்தம் போடும்போதே சொல்லிவிட வேண்டும், பாதியில் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

3 மீட்டருக்கு மேல் ஒரே அடுக்காகக் குவிப்பது

இது தீப்பிடிக்கிற விஷயம். 1995-ல் அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் இரண்டு சாலை நிரப்புகளும், கொலராடோவில் ஒரு தடுப்புச் சுவர் நிரப்பும் உள்ளுக்குள்ளேயே சூடேறிக் கனன்றன. மூன்றுமே 8 மீட்டருக்குக் குறையாத தடிமன். டயருக்குள் இருக்கும் இரும்புக் கம்பி, வெட்டு வாயில் நீட்டிக்கொண்டு துருப்பிடிக்கும்போது வெப்பம் வரும், ரப்பர் அந்த வெப்பத்தை வெளியே விடாது, பொடித் துண்டும் காற்றும் இலைதழை கலந்த மேல்மண்ணும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். அதன் பிறகுதான் ஓர் அடுக்கு 3 மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு வந்தது, அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.மின் டி6270 தரக்குறிப்பிலும் அது இருக்கிறது. ராயக்கோட்டை, தொப்பூர் பக்கச் சரிவுகளில் 5 மீட்டர், 6 மீட்டர் பள்ளம் சாதாரணம். அங்கே இரண்டு அடுக்காகப் பிரித்து நடுவில் மண் கொடுங்கள். நான்கு பக்கமும் காற்று புகாதபடி களி கலந்த மண்ணால் மூடுங்கள்.

யூனிட் கணக்கில் வாங்குவது

டிப்பரில் பொலபொலவென்று இருக்கும் ஒரு யூனிட் (100 கன அடி) டயர் துண்டு, சுமார் ஒன்றேகால் டன்தான். இறுகிய பிறகு அதே ஒரு யூனிட் இடத்தை நிரப்பக் கிட்டத்தட்ட இரண்டு டன் வேண்டும். எடை மேடைச் சீட்டைப் பார்த்து டன்னில் வாங்குங்கள். டிப்பர் எடையில் நிறைவதற்கு முன்பே உயரத்தில் நிறைந்துவிடும் என்பதால் நடையும் கூடும், வாடகையை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஜியோ துணி சுற்றாமல் விடுவது

மேல்மண் முழுவதும் ஓட்டைகளுக்குள் இறங்கிவிடும். அடி, பக்கம், தலை, எல்லாம் சுற்ற வேண்டும்.

கிணற்றுக்குப் பக்கத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே

போடாதீர்கள். கம்பியிலிருந்து இரும்பும் மாங்கனீசும் தண்ணீரில் இறங்கும்.

எண்ணெய் படிந்த டயர்

லாரி பட்டறையிலிருந்து வந்த லோடில் டீசல் வாடை அடித்தால் திருப்பி அனுப்புங்கள்.

கம்பி நீட்டிய துண்டின் மேல் டிப்பரை ஏற்றுவது

பஞ்சர்.

சூளகிரியில் அந்த எஞ்சினியர் முதலில் முகம் சுளித்தார், அப்புறம் பக்கத்து வெல்டிங் பட்டறையிலேயே மூன்று தட்டுகள் செய்து வாங்கிவந்து பதித்துவிட்டார். டயர் அடுக்கையும் 25 செ.மீ. உயர்த்தினார்கள். இரண்டாவது வாரம் நடுத்தட்டு 14 செ.மீ. இறங்கியிருந்தது, சுவரோரத் தட்டு 11. பேவர் பிளாக் லோடு இன்னும் வாட்ச்மேன் கொட்டகைக்குப் பக்கத்தில் அடுக்கியபடியே இருக்கிறது.