கோல்ஃப் பந்து வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

டிவியில் சாம்பியன்கள் ஆடும் பந்தைப் பார்த்துவிட்டு அதையே ஒரு டஜன் வாங்கி வருவதுதான் புதிதாகப் பழகுபவர்களின் முதல் தவறு. நானும் அப்படித்தான் வாங்கினேன். ஒன்பது ஹோல், அதாவது பாதி ஆட்டம், முடிவதற்குள் ஐந்து பந்துகள் புதரிலும் தண்ணீரிலும் போயின. காசு போனதைவிடப் பெரிய நஷ்டம், அதற்குப் பிறகு தண்ணீரைக் கண்டாலே கை தயங்கியதுதான். பந்து போய்விடுமோ என்று பயந்து அடித்தால் ஸ்விங் பாதியிலேயே நின்றுவிடும்.

சாம்பியன்கள் ஆடும் பந்துகளின் கூடுதல் விலை பெரும்பாலும் மேலுறைக்கானது. அவற்றில் இருக்கும் யுரேத்தேன் என்ற பிளாஸ்டிக் உறை மென்மையானது. குறைந்த தூர அடிகளுக்கான வெட்ஜ் என்ற மட்டையின் வரிப்பள்ளங்கள் அதைக் கவ்விப் பிடிப்பதால் பந்து நன்றாகச் சுழன்று, குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற புல்தரையில் விழுந்ததும் சீக்கிரம் நிற்கும். 2000-இல் வந்த டைட்டிலிஸ்ட் நிறுவனத்தின் ப்ரோ வி1 பந்து இந்த உறையைத் திடமான உட்கருவோடு சேர்த்தது. ரப்பர் நூல் சுற்றிய பழைய பந்துகள் சில ஆண்டுகளிலேயே பெரிய போட்டிகளிலிருந்து மறைந்தன. ஆனால் பந்தைச் சுத்தமாக அடித்தால்தான் அந்த சுழற்சி கிடைக்கும். கோல்ஃபில் அடிகள் குறைந்தால்தான் நல்ல ஸ்கோர்; அது 100-க்குக் கீழே இறங்கும் வரை, சர்லின் என்ற கடினமான பிளாஸ்டிக் உறை போட்ட டூ-பீஸ் (உட்கரு, உறை என இரண்டே பகுதி உள்ள) பந்தே போதும். லேசில் கீறல் விழாது, விலையும் குறைவு. பந்து பக்கவாட்டில் வளைந்து போகும் ஸ்லைஸ் கொஞ்சம் குறையலாம். அடியோடு நிற்க ஸ்விங்கைத்தான் திருத்த வேண்டும்.

பந்தின் மேல் இருக்கும் 1, 2, 3, 4 என்ற எண்ணைத் தரம் என்றோ கடினம் என்றோ நினைப்பவர்கள் உண்டு. உங்கள் பந்து எது, கூட ஆடுபவர் பந்து எது என்று அடையாளம் காண மட்டுமே அது.

தூரத்தை வைத்துப் பந்து தேர்ந்தெடுப்பது இன்னொரு தவறு. எடை 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கிளம்பும் வேகத்துக்கும் விதியில் உச்சவரம்பு உண்டு. அதனால் தூரமாக அடிக்கும் டிரைவர் மட்டையில் பந்துக்குப் பந்து பெரிய வித்தியாசம் தெரியாது. ஊட்டியில் ஆடிவிட்டு "இந்தப் பந்து நல்லாப் போகுது" என்று பெட்டி பெட்டியாக வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். 2,200 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. எந்தப் பந்தும் அங்கே சென்னையைவிட நீளமாகத்தான் போகும்.

எல்லாவற்றையும்விட மோசமான தவறு, ஹோலுக்கு ஒரு பந்தை மாற்றி ஆடுவது. ஒருநாள் 20 கெஜத்திலிருந்து குழியை நோக்கிச் சின்னதாகத் தூக்கி அடித்து, அதாவது சிப் செய்தேன். பந்து குழியைத் தாண்டி ஆறு அடி உருண்டது. கை வேகம் அதிகம் என்று நினைத்து அடுத்த ஹோலில் மெதுவாக அடித்தேன், பாதியிலேயே நின்றுவிட்டது. பந்தை எடுத்துத் துடைத்துக்கொண்டே, என் பையைச் சுமந்து வந்த உதவியாளர் (கேடி) சொன்னார்: "கையில ஒண்ணும் தப்பில்ல சார். மொதல்ல அடிச்சது கல்லு மாதிரி பந்து, இது வேற." பையைக் கொட்டிப் பார்த்தால் ஏழு வகைப் பந்துகள்.

எனவே இரண்டு வகையில் மும்மூன்று பந்து மட்டும் வாங்குங்கள். ஒரே இடத்திலிருந்து, ஒரே வெட்ஜால், மாற்றி மாற்றிச் சிப் செய்யுங்கள். விழுந்த பிறகு எவ்வளவு உருள்கிறது என்று காலடியால் அளந்து பாருங்கள். பிறகு கிரீனில் பந்தை உருட்டி அடித்து (பட் செய்து), கைக்கு எது இதமாக இருக்கிறது என்று பாருங்கள். டிரைவரைக் கடைசியில் எடுத்தால் போதும். தேர்ந்தெடுத்த பந்தையே மாற்றாமல் ஆடுங்கள். ஒரே பந்தோடு 18 ஹோலையும் முடிக்கும் நாட்கள் அடிக்கடி வரத் தொடங்கியதும் யுரேத்தேன் பந்தில் ஒரு பெட்டி வாங்கலாம்.