நீண்ட ஓட்டத்தில் ஜெபம்: 16 கிலோமீட்டருக்கு ஒரு திட்டம்

ஓடிக்கொண்டே ஜெபிக்க முடியவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் வேகமாக ஓடுகிறவர்கள். மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டால் மனம் மூச்சைத் தவிர வேறெதையும் கவனிக்காது. அதனால் முதலில் சரிசெய்ய வேண்டியது வேகம்.

அதற்குக் கடிகாரம் தேவையில்லை, வேதாகமத்திலுள்ள 23-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் போதும். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று ஓடிக்கொண்டே வாய்விட்டு, ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். நடுவில் மூச்சு இழுக்க வேண்டிவந்தால் வேகம் அதிகம். 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் முடிப்பவர், நீண்ட ஓட்டத்தில் கிலோமீட்டருக்கு 7 முதல் 7.30 நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இன்னும் மெதுவாகப் போவதில் தவறில்லை.

இந்தத் திட்டம் ஏற்கெனவே 10 கிலோமீட்டர் ஓடிப் பழகியவர்களுக்கானது. அங்கிருந்து வாரம் ஒன்று அல்லது ஒன்றரை கிலோமீட்டர் கூட்டுங்கள். நான்காவது வாரம் தூரத்தில் கால் பங்கைக் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுங்கள்.

முந்தைய இரவு

சங்கீதம் ஒன்றைத் தேர்ந்து மனப்பாடம் செய்யுங்கள். 23-இல் 6 வசனங்கள், 121-இல் 8. முதல் முறைக்கு இவை போதும். 119-ஐ எடுத்துக்கொண்டு சாதனை செய்யக் கிளம்ப வேண்டாம். அதில் 176 வசனங்கள்.

யாருக்காக ஜெபிக்கப் போகிறீர்களோ அவர்களில் ஐந்து பேரின் பெயரைச் சிறு அட்டையில் பென்சிலால் எழுதுங்கள். மைப் பேனா எழுத்து வியர்வையில் கரைந்துவிடும், பென்சில் எழுத்து அப்படியே நிற்கும். அட்டையைச் சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்புப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு மேல் எழுதினால் ஜெபம் வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல் ஆகிவிடும்.

கடிகாரம் கட்டுகிறவர்கள், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு 'பீப்' அடிக்கும்படி வைத்து, திரையில் வேகம் தெரியாதபடி மணி மட்டும் காட்டும் பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். வேகத்தைக் கண்ணில் பார்த்துவிட்டால் அதைத் திருத்தத்தான் கால் பரபரக்கும்.

வழி பழகியதாக இருக்கட்டும். எங்கே திரும்புவது என்று யோசிக்கவைக்கும் புதுப் பாதை இதற்கு ஆகாது. மெரினாவில் கலங்கரை விளக்கத்திலிருந்து உழைப்பாளர் சிலை வரை போய்த் திரும்பினால் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். அதையே மூன்று முறை சுற்றலாம். சலிப்பாக இருக்குமே என்றால், ஆமாம், அந்தச் சலிப்பு இங்கே உதவும்.

ஓட்டம்

முதல் 2 கிலோமீட்டருக்கு வார்த்தையே வேண்டாம். உடம்பு சூடேறும் நேரம் அது. முட்டியும் கணுக்காலும் முனகும், மனம் அலுவலகத்தில் இருக்கும். காற்று, உப்பு வாசனை, வலை உலர்த்துபவர்கள் என்று கண்ணில் படுவதற்கெல்லாம் உள்ளுக்குள் நன்றி சொன்னால் போதும்.

3 முதல் 8 வரை சங்கீதம். 23-ஐ எடுத்தால் கிலோமீட்டருக்கு ஒரு வசனம் என்று கணக்கு சரியாக வரும். பீப் கேட்டதும் அடுத்த வசனத்தை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு அதில் உங்களைப் பிடித்து நிறுத்துகிற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஓடுங்கள். வசனம் மறந்துபோனால் கைபேசியை எடுக்காதீர்கள், முந்தைய வசனத்திலேயே இருங்கள்.

9 முதல் 13 வரை அட்டையிலுள்ள ஐந்து பேர், ஆளுக்கு ஒரு கிலோமீட்டர். ஒருவருக்காக ஏழு நிமிடம் ஜெபிப்பது, உட்கார்ந்த இடத்தில் பலருக்கும் வாய்க்காத நீளம். இரண்டு நிமிடத்தில் வேண்டுதல்கள் தீர்ந்துவிடும். மீதி நேரத்தில் அவர் முகத்தை நினைத்துக்கொண்டு சும்மா ஓடுங்கள். மனத்தாங்கல் உள்ள ஒருவரின் பெயரை நான்காவதாக வையுங்கள். அதற்குள் உடம்பின் இறுக்கம் தளர்ந்திருக்கும்.

கடைசி 3 கிலோமீட்டரில் மூளை களைத்துவிடும், நீண்ட வாக்கியம் நிற்காது. கீழைத் திருச்சபைகள் நூற்றாண்டுகளாகச் சொல்லிவரும் இயேசு ஜெபத்தின் சுருக்கம் இங்கே கைகொடுக்கும்: மூச்சை இழுக்கும்போது "இயேசுவே", விடும்போது "இரங்கும்". பேச்சில் 'யே-சு-வே' என மூன்று அசை, 'இ-ரங்-கும்' என மூன்று அசை. அசைக்கு ஓர் அடி வைத்தால் மூன்றடிக்கு மூச்சு இழுத்து மூன்றடிக்கு விடுவதாக அமையும். நிதான ஓட்டத்துக்கு அது பொருந்தும் தாளம். நிமிடத்துக்கு 170 அடி வைப்பவர் இதை ஏறத்தாழ 28 முறை சொல்வார், எண்ணத் தேவையில்லை. எதிர்காற்றில் மூச்சு இரண்டடிக்கு இரண்டடியாகக் குறுகினால் ஜெபத்தை இழுத்துப் பொருத்தாதீர்கள். வேகத்தைக் குறையுங்கள், தாளம் தானாகத் திரும்பும்.

கத்தோலிக்கர்கள் நடுப்பகுதியில் செபமாலை சொல்லலாம். பத்துப் பத்து மணிகளாக உள்ள ஐந்து பகுதிகளும் முடிய 20 முதல் 25 நிமிடம், அதாவது 3 கிலோமீட்டர் ஆகும். முழு மாலையைக் கையில் பிடித்தால் அது ஆடும். ஆடாமலிருக்க விரல் இறுகும், இறுக்கம் தோளுக்கு ஏறும். பத்துப் புடைப்புகள் உள்ள மோதிரச் செபமாலை நல்லது. ஆனால் நீண்ட ஓட்டத்தில், வெயிலில் குறிப்பாக, விரல்கள் வீங்கும். வீட்டில் கச்சிதமாக இருக்கும் மோதிரம் 12-ஆவது கிலோமீட்டரில் கழலாது. ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள், அல்லது சுண்டுவிரலில் போடுங்கள்.

ஓடி முடித்ததும் 10 நிமிடம் நடங்கள். எதற்கு நன்றி, எதில் தவறினேன், இன்று என்ன செய்ய வேண்டும் என்று இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் கற்பித்த ஆன்மச் சோதனையின் பாணியில் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள அது போதுமான நேரம்.

எங்கே பிசகும்

10 கிலோமீட்டர் தாண்டியபின் சில நாள் நெஞ்சு நிறைந்து, எல்லாம் தெளிவாகிவிட்டதுபோல் தோன்றும். நீண்ட ஓட்டத்தில் உடம்பே சுரக்கும் பொருட்களுக்கும் அதில் பங்கு உண்டு. மகிழ்ச்சியைத் தாராளமாக அனுபவியுங்கள். ஆனால் வேலையை விடுவது, திருமணத்துக்குச் சம்மதிப்பது போன்ற முடிவுகளை அப்போது 'கர்த்தர் சொன்னார்' என்று முத்திரையிடாதீர்கள். வீட்டுக்கு வந்து எழுதிவையுங்கள், இரண்டு நாள் கழித்து வாசியுங்கள், போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ பேசுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. 13, 14-ஆவது கிலோமீட்டரில் காரணமில்லாமல் மனம் இருண்டு, ஜெபம் வறண்டுபோனால், விசுவாசத்தைச் சந்தேகிக்கும் முன் வயிற்றைப் பாருங்கள். சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும், "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றுதான் சொன்னான். 90 நிமிடத்துக்கு மேல் ஓடினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கும், பேரீச்சம்பழமும் ஆகும். முதல் பங்கை 40-ஆவது நிமிடத்திலேயே சாப்பிடுங்கள், பசித்தபின் சாப்பிட்டால் தாமதம். தண்ணீர் 20 நிமிடத்துக்கு 150 மில்லி அளவில், ஒரு சிட்டிகை உப்போடு. தாகத்துக்கு மீறி லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறையும், அது ஆபத்து.

121-ஆம் சங்கீதத்தில் "பகலிலே வெயிலாகிலும்... உன்னைச் சேதப்படுத்துவதில்லை" என்று இருக்கிறது. அதை நம்பி ஏப்ரல் மாதம் எட்டு மணிக்கு ஓடக் கிளம்பாதீர்கள். கோடையில் நாலரைக்குத் தொடங்கி ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும். வெயிலில் உடம்பு சிலிர்த்தாலோ, தலை சுற்றினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே நின்று நிழலுக்குப் போய் உதவி கேளுங்கள். கிறிஸ்துவின் பாடுகளோடு என் வலியையும் சேர்க்கிறேன் என்று தாண்டி ஓடக் கூடாது. பெரிய வெள்ளி உபவாசத்தன்று நீண்ட ஓட்டமே வேண்டாம்.

பிரசங்கமோ கீர்த்தனையோ காதில் மாட்டிக்கொண்டு ஓடுவது பலருக்குப் பழக்கம். வாரநாள் ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு மணி நேரத்தில் இன்னொருவர் பேசிக்கொண்டிருந்தால் நீங்கள் பேச இடமில்லை. பின்னால் வரும் தண்ணீர் லாரியும் கேட்காது. கண்ணை மூடி ஜெபிக்கும் பழக்கத்தையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

குழுவாக ஓடினால்

136-ஆம் சங்கீதம் இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். 26 வசனங்கள், ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று முடியும். ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுமொழி சொல்லட்டும். யாருடைய குரல் மறுமொழியில் கேட்கவில்லையோ அவருக்கு வேகம் அதிகம் என்று பொருள். முன்னால் ஓடுபவர் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

பெரும்பாலான ஓட்டக் குழுக்கள் நீண்ட ஓட்டத்தை ஞாயிறு காலையில் வைக்கின்றன. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்காட்லாந்து ஓட்டவீரர் எரிக் லிடெல், தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் 100 மீட்டரை விட்டுவிட்டு, 400 மீட்டரில் 47.6 வினாடியில் தங்கம் வென்றார். அவ்வளவு கண்டிப்பு எல்லோருக்கும் வேண்டுமா என்பது அவரவர் மனச்சாட்சி. ஆனால் 16 கிலோமீட்டர் ஓடிவிட்டு ஆராதனையில் உட்கார்ந்தால் பிரசங்கத்தின் நடுவில் தூங்கிவிழுவது நிச்சயம். சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.