உருகியதா, கரைந்ததா? பருப்பொருள் பாடச் சொற்களைப் பிள்ளைகளுக்குப் பழக்குவது எப்படி

‘ஐஸ் கரைஞ்சு போச்சு’ என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்கிறோம். அதே பிள்ளை பரீட்சையில் ‘பனிக்கட்டி கரைகிறது’ என்று எழுதினால் மதிப்பெண் போய்விடுகிறது. குழப்பம் பிள்ளையிடம் இல்லை, வீட்டுச் சொல்லும் பாடச் சொல்லும் ஒரே உருவில் இருப்பதுதான் காரணம். அதனால் முதலில் செய்து காட்டுங்கள், சொல்லைப் பிறகு கொடுங்கள்.

இரண்டு கிண்ணம் எடுங்கள். ஒன்றில் ஐஸ் கட்டி மட்டும். இன்னொன்றில் 100 மில்லி தண்ணீரும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையும். ஐஸ் நீராக மாற வெப்பம் போதும், அது உருகுதல். சர்க்கரைக்குத் தண்ணீர் என்ற இன்னொரு பொருள் வேண்டும், அது கரைதல். ‘எதில் கரைந்தது?’ என்று கேட்கப் பழக்குங்கள். பதில் இல்லையென்றால் அது உருகியது. இங்கேயே கரைபொருள் (சர்க்கரை), கரைப்பான் (தண்ணீர்), கரைசல் (சர்க்கரைத் தண்ணீர்) மூன்றையும் சொல்லிவிடலாம். ‘சர்க்கரை காணாமல் போச்சு’ என்பார்கள். சமையலறைத் தராசில் 100 கிராம் தண்ணீரையும் 10 கிராம் சர்க்கரையையும் தனித்தனியே நிறுத்து, கலக்கிய பிறகு மறுபடி நிறுங்கள்: 110 கிராம். பாத்திரத்தின் நிறையைக் கழிக்க மறந்தால் கணக்கு உதைக்கும்.

இந்த நிறை என்ற சொல்லிலும் ஒரு சிக்கல். தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை (mass) என்பதை இலங்கையில் திணிவு என்பார்கள். அங்கே நிறை என்றால் எடை (weight). இரு நாட்டுப் பயிற்சித் தாள்களையும் கலந்து கொடுக்காதீர்கள்.

அடுத்தது உறைதல். தேங்காய் எண்ணெயைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம் வையுங்கள். சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வெள்ளையாக இறுகும், வெளியே வைத்தால் உருகும். பால் உறைந்து தயிராவதை இதனோடு சேர்க்கக் கூடாது. தயிரைச் சூடாக்கினால் பால் திரும்பி வராது, திரிந்துதான் போகும்.

உப்பைக் கொட்டலாம் என்பதால் அதைத் திரவம் என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. தட்டில் கொட்டுங்கள், குவியலாக நிற்கும். லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு துகளும் தன் வடிவத்தோடு இருக்கும். அதனால் அது திண்மம்.

எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் தண்ணீர் வைத்தால் வெளியே துளிகள் பூக்கும். ‘ஒழுகுது’ என்பார்கள். உள்ளே மஞ்சள்தூள் கலந்து வையுங்கள். பத்து நிமிடத்தில் வெளியே வரும் துளி நிறமில்லாமலே இருக்கும். காற்றிலிருந்த நீராவி குளிர்ந்து திரவமானது, அதுதான் ஆவி சுருங்குதல். ஏசி அறையில் காற்று வறண்டிருப்பதால் துளி சரியாக வராது, திண்ணையில் செய்யுங்கள்.

கொதிக்கும் பாத்திரத்தின் மேல் வெள்ளையாகத் தெரிவதை நீராவி என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். நீராவி கண்ணுக்குத் தெரியாது. அந்த வெண்மை, நீராவி மேலே வந்து காற்றில் குளிர்ந்ததால் உண்டான நுண்ணிய நீர்த்துளிகள்.